ஒரே பெயரில் இரண்டு படகுகள்

புதுப் படகு சோதனைக்கு வந்த காலையில் நான் வழக்கம்போல அலுவலகப் பேருந்தில்தான் வந்து இறங்கினேன். குன்றைக் குடைந்து கட்டிய நிலையம் எங்களுடையது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஓர் இரும்புக் கதவும் அதன்மேல் ஒரு கூண்டு விளக்கும் மட்டுமே தெரியும். உள்ளே நீளமான நடை. ஈரச் சுவரின் வாடையும் மின்கருவிகள் சூடேறும் வாடையும் கலந்து மூக்கில் ஏறும். நடையின் முடிவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. செருப்பையும் கைக்கடிகாரத்தையும் வெளியே விட்டுவிட்டுத்தான் அதற்குள் போக வேண்டும்.

அங்கே எங்களுக்கு ஒரே வேலை. கேட்பது.

நிலையத்துக்கு முன்னால் கடல் ஓர் ஆழமான பள்ளமாக நிலத்துக்குள் புகுந்து நிற்கிறது. அதில் கம்பிவடங்களில் ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். புதிதாகக் கட்டிய நீர்மூழ்கிகள் அவற்றுக்கு நடுவே வந்து இறங்கி, இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தும். மிஞ்சுகிற சத்தம் எதனுடையது என்று நாங்கள் கண்டுபிடிப்போம். ஒரு பம்பு. ஒரு மின்விசிறி. சமையலறைக் கொக்கியில் ஆடும் ஒரு கரண்டி. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு என்பது எங்கள் அறையில் புழங்கும் பேச்சு. அந்தச் சொந்தக்காரரைப் பிடித்து வாயை அடைத்துவிட்டால், படகு கடலில் இல்லாததுபோல ஆகிவிடும்.

இப்போதெல்லாம் எல்லா நாடுகளுக்கும் அந்த இல்லாமைதான் வேண்டியிருக்கிறது. ரோந்து விமானங்கள் ஒலிமிதவைகளைக் கடலில் உதிர்த்துக்கொண்டே போகின்றன. ஆளில்லாத சின்னக் கலங்கள் மாதக்கணக்கில் நீருக்கடியில் திரிந்து ஒட்டுக்கேட்கின்றன. பக்கத்துக் கடலில் யாருடைய படகு எங்கே இருக்கிறது என்று தினமும் ஒரு வதந்தி வரும். தேடுகிறவர்களின் காது கூர்மையாக ஆக, ஒளிகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். ரப்பர் தோல் போர்த்தி, மின்கலத்தில் ஓடி, மிதந்தபடியே உறங்கக் கற்றுக்கொண்டார்கள்.

என்னை எல்லாரும் பாம்புக்காது என்பார்கள். முகத்துக்கு நேரேயேதான். எனக்கு அதில் வருத்தமில்லை.

அந்தக் காலை வந்த படகின் பெயரை மட்டும் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கூப்பிட்டதாகிவிடும்.

அது ஏற்கெனவே ஒரு படகுக்கு இருந்த பெயர். மூழ்கிப்போன கலத்தின் பெயரைப் புதுக் கலத்துக்கு வைப்பதைக் கடற்படையில் பெரிய மரியாதையாக நினைக்கிறார்கள். பழைய படகு, என் மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பவே இல்லை. எங்கே கிடக்கிறது என்று இன்றுவரை தெரியாது. அதில் என் கணவர் இருந்தார்.

புதுப் படகில் என் மகள் இருந்தாள். அவளுக்கும் காதுதான் பிழைப்பு. நான் வெளியிலிருந்து படகைக் கேட்பவள். அவள் படகுக்குள்ளிருந்து கடலைக் கேட்பவள்.

அவள் கேட்டு வாங்கிய இடம் அது. புறப்படும் முன் பையில் தடித்த காலுறைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். சோதனையின்போது உள்ளே யாரும் செருப்பு போடக் கூடாது. வேறு படகே கிடைக்கவில்லையா உனக்கு என்று கேட்டேன்.

"அப்பா பேரு எந்தச் சுவத்துலயாவது எழுதியிருக்காம்மா? அந்தப் படகு பேரு ஒண்ணுதான் மிச்சம். அதை எவனோ ஓட்டுறதுக்கு நானே ஓட்டிட்டுப் போறேன்."

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. கணவனை விழுங்கிய கடலைக் கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்குகிறவள் நான். என்னை வேலையைவிட்டு நிற்கச் சொல்லாத உறவினர் இல்லை. நின்றால் கடல் ஜெயித்துவிடும் என்பதுபோல ஒரு வீம்பு எனக்குள் இருந்தது. அதை அவள் பாலோடு குடித்திருக்க வேண்டும். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. பிறந்த பிறகு நான் வைத்த பெயர். அவள் அப்பாவுக்கு அது தெரியாது.

அறையில் நாங்கள் மூன்று பேர். நிலையத் தலைவர், நான், எனக்குப் பக்கத்தில் கண்ணாடி. மூக்கின் நுனியில் எப்போதும் நழுவிக்கொண்டிருக்கும் மூக்குக் கண்ணாடியால் அவருக்கு அந்தப் பெயர். படகு எங்கே நிற்கிறது என்று எதிரொலித் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. படகோடு பேச நீரடித் தொலைபேசி ஒன்று உண்டு. தண்ணீருக்குள் குரலை அனுப்பும் கருவி. அதன் ஒலிவாங்கியைத் தலைவரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது சட்டம்.

தலைவர் படகின் பெயரை இரண்டு முறை சொல்லி, கேட்கிறதா என்றார். குரல் பள்ளத்துச் சுவர்களில் மோதி நீண்டு போயிற்று. கேட்கிறது என்று படகிலிருந்து பதில் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

பம்புகள் ஓய்ந்தன. விசிறிகள் ஓய்ந்தன. உள்ளே அத்தனை பேரும் படுக்கையில் அசையாமல் கிடப்பார்கள். என் மகளும் காலுறையோடு எங்கோ உட்கார்ந்து மூச்சை மெல்ல விட்டுக்கொண்டிருப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படி ஒரு நிசப்தத்தை அந்தப் பள்ளத்தில் நான் கேட்டதில்லை. படகு இருந்த இடத்தில் கடல் மட்டுமே இருந்தது.

அப்போதுதான் அது வந்தது.

ஃபூ. ஃபூ.

அதன் பிறகு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாமையில் ஒரு காத்திருப்பு இருந்தது.

அந்த ஊதலை எனக்குத் தெரியும். பழைய படகுகளில் கம்பித் தொலைபேசி இருக்கும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பேசுகிறவர் முதலில் ஊதுகுழாயில் ஊதுவதுபோல அதன் வாயில் இரண்டு முறை ஊதுவார். மறுமுனையில் இருப்பவர் 'சொல்லு' என்று சொன்ன பிறகுதான் பேச வேண்டும். சொல்லாமல் பேசினால் தண்டனை. என் கணவருக்கு அது உடம்போடு ஊறிப்போன பழக்கம். வீட்டுத் தொலைபேசியிலும் ஊதிவிட்டு நிற்பார். கடன்காரன் என்று நினைத்து எங்கள் அத்தை ஒருமுறை வைத்தேவிட்டார். நான் கேலி செய்யாத நாளில்லை.

புதுப் படகில் அந்தக் கருவியே கிடையாது. ஊதிப் பேசும் தலைமுறையும் கிடையாது.

இப்போது சத்தங்களை வகை பிரிப்பதற்குக் கணினி இருக்கிறது. அது தயங்காமல் 'உயிரினம்' என்று திரையில் எழுதிக் காட்டியது. மீன், திமிங்கிலம், இறால் கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். கண்ணாடி என் பக்கம் சாய்ந்தார்.

"உயிரினம்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் உங்க முகம் இப்படிப் போகுது?"

உங்களுக்குக் கேட்டதா என்று கேட்டேன். கேட்டது என்று தலையாட்டினார். அதற்குமேல் அவர் கேலி பேசவில்லை.

சோதனை முடிந்ததும் தலைவர் மறுபடி அந்தப் பெயரைச் சொல்லி, மேலே வா என்று உத்தரவிட்டார். படகு மேலே வந்தது.

அடுத்த சோதனையிலும் அதே ஊதல். அதற்கடுத்ததிலும். இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடிபட்டன. பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அது வருகிறது. முதல் முறை அதைப் பிடித்தது பள்ளத்தின் வாயில், திறந்த கடலை ஒட்டித் தொங்கும் ஒலிவாங்கி. பிறகு அதற்கு உள்ளே இருப்பது. பிறகு இன்னும் உள்ளே.

நாங்கள் கூப்பிடக் கூப்பிட, அது வந்துகொண்டிருந்தது.

தலைவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சரியாகத் தூங்காதவர். எல்லைக்கு அருகே அந்நியப் படகு ஒன்று திரிவதாக விமானப்படை சொல்கிறது, இந்தப் படகு இந்த மாதமே கடலுக்குப் போயாக வேண்டும், அமைச்சர் வருகிற தேதிகூட முடிவாகிவிட்டது என்றெல்லாம் அடுக்கினார். படகு சத்தமில்லாதது என்று நான் கையெழுத்திட்டால் போதும் என்றார்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பெயரை விட்டுவிட்டு ஓர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றேன்.

அவர் பேனாவை என் பக்கம் தள்ளி, "உங்க துக்கம் எனக்குப் புரியுதும்மா" என்றார்.

"துக்கத்துக்கு நான் சம்பளம் வாங்கல சார். காதுக்கு வாங்குறேன். என் காது இதுல கையெழுத்துப் போடாது."

வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவேன் என்றார். மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். கடைசிச் சோதனைக்கு வேறு ஆள் கிடைக்காததால் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்று நல்ல வெயில். எங்கள் அறைக்கு வெயில் என்ன, மழை என்ன. தலைவர் கூப்பிட்டார், பதில் வந்தது, இயந்திரங்கள் ஓய்ந்தன. இடையில் மேலிடத்திலிருந்து அழைப்பு என்று அவர் எழுந்து நடைக்குப் போனார். கதவு மூடிக்கொண்டது.

ஃபூ. ஃபூ.

இந்த முறை அது மிக அருகில், என் மகளின் படகுக்கு நேர் கீழே தொங்கும் ஒலிவாங்கியில் கேட்டது. ஈரமான மூச்சு. ஊதியவரின் உதடுகள் கருவியில் உரசுவதுகூடக் கேட்டது.

அந்தப் பழைய படகுக்காரர்கள் எத்தனை வருடங்களாக ஊதிவிட்டு நிற்கிறார்கள்? 'சொல்லு' என்று யாரும் சொல்லாததால் எத்தனை வருடங்களாகப் பேசாமல் இருக்கிறார்கள்? சட்டம் என்றால் சட்டம் என்று இருட்டில் வாயை மூடிக்கொண்டு நிற்கும் அந்த மனிதர்களை நினைத்தபோது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. நான் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? கூடவே ஒரு பேராசையும் இருந்தது. ஒரு வார்த்தை. என் கணவரின் குரலில் ஒரே ஒரு வார்த்தை.

நீரடித் தொலைபேசியின் ஒலிவாங்கியை எடுத்தேன். கண்ணாடி தடுக்கவில்லை.

"சொல்லு" என்றேன்.

பள்ளம் முழுக்க அந்தச் சொல் சுற்றி வந்தது.

பிறகு பதில் வந்தது. ஒரு குரல் இல்லை. பல குரல்கள், ஒரே நேரத்தில், அணிவகுப்பில் நின்று சொல்வதுபோல.

"வந்துக்கிட்டிருக்கோம்."

அதில் அவர் குரலைத் தேடினேன். கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுவதுபோலத் தேடினேன். கிடைக்கவில்லை.

கண்ணாடி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைக் காட்டினார். மகளின் படகு ஒரு வெளிச்சக் கோடாகத் தெரிந்தது. அதற்குக் கீழே, அதே நீளத்தில், அதே திசையைப் பார்த்தபடி இன்னொரு கோடு.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. அவர்கள் யாரையும் பழிவாங்க வரவில்லை. தங்கள் பெயரைச் சொல்லி யாரோ 'மேலே வா' என்று கூப்பிடுகிறார்கள். உத்தரவு. கீழ்ப்படிகிறார்கள். ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் நாங்கள் இரண்டு படகுகளை மேலே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். இன்றைக்கு ஒன்றின்மேல் ஒன்று நிற்கிறது.

தலைவர் உள்ளே வந்தார். நான் வேகமாகச் சொன்னேன். இப்போது மட்டும் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள், கீழே பாருங்கள் என்றேன். அவர் திரையைப் பார்த்தார். எதிரொலியின் நிழல் என்றார். குரல் கொஞ்சம் உலர்ந்திருந்தது. என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

பெயரைச் சொன்னார். மறுபடி சொன்னார்.

மேலே வா என்றார்.

கீழ்க்கோடு உடனே அசைந்தது.

மேல்கோடு அசையவில்லை. நிறுத்திய இயந்திரங்களை ஒவ்வொன்றாகத்தான் எழுப்ப வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு எழுப்ப ஒன்றுமில்லை. அவர்கள் வெகுகாலமாகத் தயாராக இருந்தவர்கள்.

இரண்டு கோடுகளுக்கும் நடுவிலிருந்த இருட்டு மெலிந்துகொண்டே வந்தது.

என் மகளின் காதிலும் இப்போது அது கேட்டுக்கொண்டிருக்கும்.

தலைவர் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினேன். பிடுங்கியது எனக்கு நினைவில்லை. அவர் விரலில் கீறல் இருந்ததைப் பிறகு பார்த்தேன். அந்தப் பெயரை நானே சொன்னேன். இத்தனை வருடங்களில் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

"நில்லு. இருக்கிற இடத்துலயே நில்லு. இது உத்தரவு."

கீழ்க்கோடு நின்றது.

எழத் தயாராகிக்கொண்டிருந்த மேல்கோடும் அப்படியே நின்றது. அதன் பெயரும் அதுதானே.

இனி அந்தப் பெயரைச் சொல்லி மேலே கூப்பிட முடியாது. சொன்னால் இரண்டும் வரும். இறந்தவர்களுக்குத் தெரியாத ஒரு பெயர் எனக்கு வேண்டும். அப்படி ஒரு பெயர் என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் என் மகள் மட்டும் வருவாள். அவள் அப்பா அங்கேயே நிற்பார். என் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நிற்பார்.

அழுதுகொண்டு சொல்லவில்லை. அழுதால் சொல் கலங்கிவிடும், தண்ணீரில் புரியாது.

"வாலு. அம்மா பேசுறேன். நீ மட்டும் மேல வா."

ஒரு கணம் ஒன்றுமில்லை. உள்ளே அவள் தன் அதிகாரியிடம் எதையோ கத்தியிருக்க வேண்டும். பிறகு மேல்கோடு எழுந்தது. முதலில் தயங்கி, பிறகு தக்கையைப்போல விரைந்து.

கீழ்க்கோடு நின்ற இடத்திலேயே நின்றது. அல்லது நான் அப்படி நினைத்தேன். மகளின் படகு மேலே வரும்வரை என் கண் மேல்கோட்டைவிட்டு நகரவில்லை. திரும்பிப் பார்த்தபோது கீழே எதுவும் இல்லை.

வானொலியில் அவள் குரல் வந்தபோதுதான் உட்கார்ந்தேன்.

"அம்மா, படகு முழுக்கக் கேட்டுச்சு. இனிமே இங்க எனக்கு வாலுதான் பேரு. மானம் போச்சு."

கண்ணாடி சிரித்தார். தலைவர்கூடச் சிரித்தார் என்று நினைக்கிறேன். அவள் அதோடு நிறுத்தவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. நாங்க இன்னும் தொட்டித் தண்ணிய வெளியேத்தக் காத்தே அடிக்கல. பம்பு ஒண்ணும் ஓடல. அப்புறம் எப்படி மேல வந்தோம்?"

கண்ணாடி மறுபடி திரையைப் பார்த்தார்.

படகை உலர்துறைக்கு இழுத்துவந்து தண்ணீரை வடித்தார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள், ஆனாலும் போனேன். வாயிலில் யாரும் தடுக்கவில்லை. படகின் உடல் முழுக்கச் சத்தத்தை விழுங்கும் ரப்பர் ஓடுகள் பதித்திருக்கும். மேலே ஓடுகள் வழவழவென்று இருந்தன. குனிந்து அடிவயிற்றின் கீழே போனபோது கடல் வாடையோடு பழைய டீசல் வாடையும் அடித்தது. இந்தப் படகு மின்கலத்தில் ஓடுவது, இதில் டீசல் கிடையாது.

அடிவயிற்று ஓடுகளில் உள்ளங்கைகள் குழிந்து பதிந்திருந்தன. ஒன்றிரண்டு அல்ல. முன்னிருந்து பின்வரை, நெருக்கமாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றவர்களின் கைகள்போல.

தலைவர் என்னைப் பார்க்காமல், கீழே இழுக்கப் பார்த்திருக்கிறார்கள் என்றார். மகள் தலையை அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"இழுக்கிற கைன்னா விரல் வளைஞ்சிருக்கும் சார். இது விரிச்சு வெச்ச கை. தூக்கி விட்டிருக்காங்க."

நான் நில் என்றேன். அவர்கள் நிற்கவில்லை. சாகும்வரை, செத்த பிறகும், உத்தரவு மீறாத அந்தக் கூட்டம் ஒருமுறை மீறியிருக்கிறது. என் நெஞ்சில் ஏதோ நிமிர்ந்தது. தலைவரிடம் இரண்டு விஷயங்கள் சொன்னேன். படகின் பெயரை அழிக்கும்வரை இந்தச் சோதனைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்னை எங்கே மாற்றினாலும் என்ன நடந்தது என்று கேட்கிறவரிடமெல்லாம் சொல்வேன். அவர் மறுக்கவில்லை. மறுநாளே பெயரின்மேல் சாம்பல் நிறம் அடித்து ஓர் எண்ணை எழுதினார்கள். அமைச்சர் வரவில்லை. அடிவயிற்று ஓடுகளைப் பெயர்த்தெடுத்துப் புதிதாக ஒட்டினார்கள்.

பசை காய்ந்த பிறகு மகள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். படகு இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. உலர்துறையின் தரை காய்ந்து வெளுத்திருந்தது. வேலையாட்கள் விலகி நின்றிருந்தார்கள்.

புது ஓடுகளிலும் கைகள் இருந்தன.

ஆனால் இந்த முறை குழிவாக இல்லை. மேடாக இருந்தன. உள்ளேயிருந்து, எஃகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுத்தியவைபோல.

மகள் என் முழங்கையைப் பிடித்தாள். அவள் பின்வாங்கவில்லை. எப்படியும் இதில்தான் போவேன் என்று அவள் முகம் சொன்னது. நான் கையை உயர்த்தி ஒரு மேட்டின்மேல் விரலுக்கு விரல் பொருந்தும்படி வைத்தேன். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"இதுல என் பொண்ணு போறா" என்று மட்டும் சொன்னேன்.

ரப்பர் என் உள்ளங்கையை மெல்ல அழுத்தியது.

நானும் அழுத்தினேன்.